செத்த ஆராதனை என்று யாரைச் சொன்னீர்கள்?

ஈஸ்டருக்கு முன் வரும் லெந்துகாலக் கூட்டத்தில் அந்தப் பிரசங்கியார் பேசியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் தமிழ்ச் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாரமாக அதுதான் ஓடுகிறது. எழுதிவைத்த ஜெபங்களை வாசித்துவிட்டுப் போவது செத்த ஆராதனையாம், அதில் ஆத்துமாவுக்கு ஆகாரம் இல்லையாம். அதற்குச் சிலர் அல்லேலூயா வேறு சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த பாட்டிமார்களின் முகத்தை யாராவது பார்த்தீர்களா? மழையானாலும் மர்பி டவுனிலிருந்தும் லிங்கராஜபுரத்திலிருந்தும் அப்படி நடக்கும் காலை ஆறரை மணி ஆராதனைக்கு வந்துவிடுகிறவர்கள் அவர்கள்.

எனக்கு ஆகாரம் கிடைத்தது அந்த ஆராதனையில்தான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அம்மா ஐசியூவில் இருந்தபோது என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அந்த ஆறரை மணி ஆராதனைக்கு வருகிற அக்கா ஒருவர் பஸ் பிடித்து வந்து, வெளியே ஸ்டீல் நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் வசனம், தீர்க்கதரிசனம் எதுவும் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொன்னார். நானும் கூடவே சொன்னேன். "உம்முடைய சித்தம்" என்ற இடத்தில் என் வாய் அடைத்துக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை, எனக்கும் சேர்த்துச் சொல்லி முடித்தார். அப்புறம் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

அம்மா போன பிறகும் பல மாதம் அப்படித்தான். என்ன விசுவாசிக்கிறோம் என்று சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின்போது சும்மா நிற்பேன். சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் விசுவாசத்தில்தான் நான் பிழைத்தேன். சொந்த வார்த்தையில் உருகி உருகி ஜெபித்தால்தான் ஜெபம் என்றால், வார்த்தையே வராதவள் எங்கே போவாள்?

"மனப்பாடமாக ஒப்பிப்பது ஜெபமா?" என்று கேட்பீர்கள். ஜெபிக்கக் கற்றுக்கொடும் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு வார்த்தைகளைத்தான் கொடுத்தார். லூக்கா 11இல் இருக்கிறது. சிலுவையில் "என் தேவனே, என் தேவனே" என்று அவர் கதறியது பழைய ஏற்பாட்டில் உள்ள 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில்" என்று ஆவியை ஒப்புக்கொடுத்தது 31ஆம் சங்கீதம். உயிர் போகிற நேரத்திலும் அவர் வாயில் வந்தது சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வார்த்தைகள். அதுவும் செத்த ஜெபமா, ஐயா?

ஆராதனை முடிந்து ஜனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் அந்தப் பிரசங்கியார் சொன்னார். 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். கடைசி வரிவரை ஒரு வெளிச்சமும் வராது, இருட்டிலேயே முடியும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். மாறிமாறி சங்கீதம் வாசிக்கிற சபையில் அதுவும் ஒருநாள் வரும். அன்றைக்குத்தான் எனக்குப் பசி ஆறியது. பாட்டுக்குழு அந்தச் சங்கீதத்துக்கு மெட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை.

இளைஞர்கள் வருவதில்லையே என்றால், வீட்டில் தமிழ் எழுத்தே சொல்லித்தராமல் வளர்ந்த பிள்ளைக்கு எந்தத் தமிழ் ஆராதனையும் புரியாது. அதற்குப் பழியை ஆராதனை முறையின்மேல் போடாதீர்கள். கிதார் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சாயங்கால ஆராதனையில் வாசியுங்கள், நானும் வந்து பாடுகிறேன்.

வனாந்தரத்தில் தேவன் வானத்திலிருந்து கொடுத்த மன்னா சலித்துப்போய் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் கேட்டு அழுதார்கள் இஸ்ரவேலர். எண்ணாகமம் 11. நாற்பது வருஷம் அவர்களை உயிரோடு வைத்தது அந்தச் சலித்துப்போன மன்னாதான். தினம் காலையில் பொறுக்க வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் புழுத்துவிடும். ஒரு கூட்டத்துக்குப் போய் வருஷத்துக்குச் சேர்த்து வாங்கி வருகிற சாப்பாடு அல்ல அது.

என் ஆத்திரமெல்லாம் வேறு. அந்தப் பாட்டிமார்களின் வாழ்நாள் முழுவதையும் பிரசங்கியார் ஒரு வார்த்தையில் குப்பை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புருஷனைப் புதைத்துவிட்டு அடுத்த ஞாயிறே அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களைச் செத்தவர்கள் என்று சொல்ல இவர் யார்? பிரசங்கம் பண்ணுகிறவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் அவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சபைக் கமிட்டி இந்தப் பேச்சைச் சாக்காக வைத்து ஆறரை மணி ஆராதனையை மாதம் ஒருமுறை ஆக்கப் பார்க்கிறது என்று கேள்விப்படுகிறேன். கூடாது என்று செயலாளருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட நினைப்பவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பின்பக்கத் திண்ணைக்கு வாருங்கள். பாட்டிமார்களிடம் முதலில் வாங்குவேன்.