கட்டை விரல் முருகேசன்

பாலக்கோட்டில் ஒரு சந்துக்குள் செல்வி அக்காவின் தையல் கடை. பள்ளிக்கூடத்தில் விழா நடத்தலாமா என்று தலைமையாசிரியர் யோசிக்கத் தொடங்கினாலே போதும், மறுநாள் இந்தக் கடையில் ஜரிகைக்கு விலை பேசிக்கொண்டிருப்பார்கள். 2025 நவம்பர், மழை தூறும் ஓர் இரவு. மண்டிக்குத் தக்காளி ஏற்றும் குட்டி யானையை ஓரமாக நிறுத்திவிட்டு முருகேசன் உள்ளே வருகிறார். அவருடைய மனைவி கவிதா, தங்கையின் பிரசவத்துக்காகப் பென்னாகரம் போயிருக்கிறார். வீடு இப்போது முருகேசன் ஆட்சியில். (ஆட்சி என்பது பெரிய வார்த்தைதான்.)

செல்வி: வாங்க தம்பி. மழைக்கு ஒதுங்கினீர்களா?

முருகேசன்: மழையாக இருந்தால் பரவாயில்லையே அக்கா. இன்றைக்கு மத்தியானம் டீச்சர் போன் செய்தார். "நீங்கள் செய்கிற உதவியை மறக்கவே மாட்டோம் சார்" என்றார். அதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

செல்வி: நல்ல வார்த்தைதானே சொன்னார்?

முருகேசன்: நான் எந்த உதவியும் செய்யவில்லையே! அவரிடமே கேட்கலாம் என்றால் வெட்கமாக இருக்கிறது. உங்கள் பேத்தியும் அங்கேதான் ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களும் இருக்கிறீர்கள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வி: குரூப்பில் நீங்களும்தானே இருக்கிறீர்கள்?

முருகேசன்: இருக்கிறேன். காலையில் ரோஜாப்பூ வைத்து ஒருவர் காலை வணக்கம் போடுகிறார். அதற்கு இருபது பேர் கும்பிடு. நடுவில் டீச்சர் ஏதோ எழுதுகிறார். உடனே நன்றி டீச்சர், நன்றி மேடம், மிக்க நன்றி மேடம். இவர்கள் நன்றி சொல்லச் சொல்ல விஷயம் மேலே ஏறிப் போய்விடுகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவன் எதைத் தேடிப் படிப்பது? டீக்குடிக்க வண்டி நிற்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரு கட்டை விரலைப் போட்டுவிடுவேன். பார்த்த மாதிரியும் ஆச்சு, மரியாதையாகவும் ஆச்சு.

செல்வி: பார்த்தேன் பார்த்தேன். டீச்சர் எழுதி முடிக்கும் முன்பே உங்கள் விரல் விழுந்துவிடுகிறது. (மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுக்கிறார்.) சரி, போன வாரத்திலிருந்து வருவோம். "நவம்பர் 14 குழந்தைகள் தின விழாவுக்கு நாற்காலி இரவல் கிடைத்துள்ளது. காலை ஆறு மணிக்குள் ஏற்றி வந்து, மாலையில் திருப்பிக் கொண்டுபோய்விட வாகனம் தந்து உதவும் பெற்றோர் தெரிவிக்கவும்." ஒரே ஒரு கட்டை விரல்.

முருகேசன்: என்னுடையதா?

செல்வி: பின்னே என்னுடையதா? என்னிடம் இருப்பது மிஷின் மட்டும்தான். அதில் நாற்காலி ஏறாது.

முருகேசன்: ஐயோ, காலை ஆறு மணிக்கு மண்டியில் லோடு நிற்குமே அக்கா! தக்காளி காத்திருக்காது.

செல்வி: நேருவும் காத்திருக்க மாட்டார். அடுத்தது கேளுங்கள். "பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசியபடி, ஆசாரியை அழைத்து வந்து வேலையை முடித்துக் கொடுக்கும் பொறுப்பை யார் ஏற்கிறீர்கள்?" கட்டை விரல். அதற்குக் கீழே டீச்சர் போட்டிருப்பது மூன்று பூங்கொத்து.

முருகேசன்: நான் அந்தக் குழுவிலேயே இல்லையே! அதெல்லாம் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கவிதா சொன்னாளே.

செல்வி: 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பாதி என்றால் மீதிப் பாதிக்கு ஆண்களும் வரலாம் என்று அர்த்தம். நம் ஊரில் மீதிப் பாதி மண்டியில் இருக்கிறது.

முருகேசன்: சரி, தாழ்ப்பாள்தானே. போட்டுக் கொடுத்துவிடலாம். தப்பில்லை. அவ்வளவுதானே?

செல்வி: அவ்வளவுதானேவா? இதுதான் தலைப்புச் செய்தி. "எட்டாம் வகுப்பு தினேஷ் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பள்ளிக்கு வரவில்லை. பெற்றோர் காரணம் தெரிவிக்கவும்." அதற்கு நீங்கள் தெரிவித்த காரணம், கட்டை விரல்.

முருகேசன்: (தலையில் கை வைத்துக்கொண்டு) அடக் கடவுளே.

செல்வி: டீச்சர் பாவம், இரண்டு நிமிடம் கழித்து "சரிங்க சார்" என்று எழுதியிருக்கிறார். பையன் ஏன் போகவில்லை?

முருகேசன்: லீவு விட்டார்களே அக்கா! மழை என்று கலெக்டர் அறிவிப்பு வந்ததே. அவனே போனில் காட்டினான். பெரிய எழுத்தில், சிவப்புக் கட்டத்துக்குள் போட்டிருந்தது.

செல்வி: எந்த கலெக்டர்?

முருகேசன்: கலெக்டர் என்றால் கலெக்டர்தான்.

செல்வி: அது கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தம்பி! நாம் இருப்பது தருமபுரி மாவட்டம். இங்கே தூறல்கூட ஒழுங்காகப் போடவில்லை. திங்கட்கிழமை நான் வாசலில் மிளகாய் காயவைத்தேன்.

முருகேசன்: நான் படிக்கும் காலத்தில் இரண்டும் ஒரே மாவட்டம்தானே அக்கா?

செல்வி: 2004 பிப்ரவரியிலேயே பிரித்துவிட்டார்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் இன்னும் சேர்த்தே மழை பெய்கிறதா?

முருகேசன்: பயல் "மாவட்டத்தில் உள்ள பள்ளிகளுக்கு விடுமுறை" என்று சத்தமாகப் படித்தான். முன்னாடி இருந்த ஊர்ப்பெயரை முழுங்கிவிட்டான் போல.

செல்வி: விரலை வைத்து மறைத்திருப்பான். உங்கள் பிள்ளைதானே, விரலை எங்கே வைப்பது என்று தெரியும். இதோ பாருங்கள், மழை லீவில் விளையாடக் கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வேனை எல்லாம் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தோமே. அன்றைக்கு விட்டது லீவு. இவன் எடுத்துக்கொண்டது சம்மன் இல்லாத லீவு.

(சம்மன் இல்லாத லீவு என்றால் என்ன என்று முருகேசன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அக்காவுக்குத் தெரியாது. கோபத்தில் வந்த வார்த்தை.)

முருகேசன்: வீட்டுக்குப் போய் அவனைக் கவனித்துக்கொள்கிறேன். வேறு எதற்கெல்லாம் விரல் போட்டிருக்கிறேன்?

செல்வி: இருங்கள். ஒன்றுக்கு மட்டும் போடவில்லை. ரொம்ப முக்கியமானது அதுதான்.

முருகேசன்: நான் போடாததா? அப்படி ஒன்று இருக்கிறதா?

செல்வி: நீளமாக இருந்ததால் விளம்பரம் என்று விட்டுவிட்டிருப்பீர்கள். என்.எம்.எம்.எஸ். என்கிற கல்வி உதவித்தொகைத் தேர்வு. எட்டாவது படிக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. தேர்வாகிவிட்டால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் மாதம் 1,000 ரூபாய்.

முருகேசன்: மாதம் ஆயிரமா? வருஷத்துக்கா?

செல்வி: மாதம். வருஷத்துக்கு 12,000. நாலு வருஷத்துக்கு எவ்வளவு? நீங்கள் தக்காளிப் பெட்டிக் கணக்குப் போடுகிறவர்தானே, போடுங்கள்.

முருகேசன்: நாற்பத்தெட்டாயிரம்! (உட்கார்ந்துவிடுகிறார்.) அக்கா, இதை ஏன் ரோஜாப்பூ வைத்துப் போடவில்லை?

செல்வி: வருஷ வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

முருகேசன்: தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கினால் வாடகைக்கே யாரும் கூப்பிட மாட்டேன் என்கிறார்கள். அந்தக் கவலையே வேண்டாம்.

செல்வி: அதை நீங்கள் சொன்னால் போதாது, தாசில்தார் சொல்ல வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ. பார்த்து, ஆர்.ஐ. பார்த்து, அப்புறம்தான் தாசில்தாரிடம் போகும். கடைசி நாள் வரைக்கும் வைத்திருந்துவிட்டு அங்கே போய்க் கட்டை விரலைக் காட்டினால் கொடுக்க மாட்டார்கள். சரி, ஏழாவதில் பையன் எவ்வளவு மார்க்?

முருகேசன்: பாஸ்.

செல்வி: பாஸ் என்பது மார்க்கா? 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50.

முருகேசன்: அறுபதுக்கு மேலே என்று கவிதா சொன்ன ஞாபகம். கஷ்டமான பரீட்சையா?

செல்வி: இரண்டு தாள். பாடத்தில் 90 கேள்வி. இன்னொன்று மனத்திறன், அதில் 90. வரிசையில் அடுத்து என்ன எண் வரும், கண்ணாடியில் பார்த்தால் படம் எப்படித் தெரியும், அந்த மாதிரி.

முருகேசன்: மனத்திறனைப் பற்றிப் பயமில்லை அக்கா. கிருஷ்ணகிரி மழையைப் பாலக்கோட்டில் பெய்ய வைத்தவன்.

செல்வி: அதற்குத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பயிற்சி கொடுக்கிறார்கள். லீவு எடுத்தால் அதுவும் போச்சு. சரி, காலையில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள்? கவிதா போய் எத்தனை நாளாச்சு?

முருகேசன்: அது ஒன்றுதான் கவலையே இல்லை. தினேஷுக்குப் பழைய களியைக் கரைத்துக் கொடுத்துவிடுவேன். யாழினிக்குப் பள்ளிக்கூடத்திலேயே காலை உணவு. முதலமைச்சர் திட்டம். கிச்சடி, பொங்கல் என்று போடுகிறார்களே.

செல்வி: யாழினி என்ன வகுப்பு?

முருகேசன்: ஐந்து. இல்லை, இந்த ஜூனிலிருந்து ஆறு.

செல்வி: அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி.

(மிஷின் நிற்கிறது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.)

முருகேசன்: அப்படியென்றால் பிள்ளை பட்டினியாகவா போகிறது? ஒரு வார்த்தை சொல்லவில்லையே! "சாப்பிட்டாயா கண்ணு" என்று தினமும் கேட்கிறேன், "சூப்பர்ப்பா" என்கிறாள்.

செல்வி: பட்டினியா? கோயில் பக்கத்துப் பெட்டிக்கடையில் உங்கள் பெயரில் நோட்டு ஓடுகிறது. நேற்று நான் நூல் வாங்கப் போனபோது பார்த்தேன். பன், கடலை மிட்டாய், மறுபடியும் பன். கடைக்காரர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாராம், "பாப்பாவுக்குக் கணக்கில் கொடுக்கட்டுமா" என்று.

முருகேசன்: சொல்ல வேண்டாம் அக்கா. தெரிகிறது.

செல்வி: நாளைக்கு ரவையாவது கிண்டிக் கொடுங்கள். வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், ஒன்றுக்கு இரண்டரை. அது கொதித்த பிறகு ரவையைக் கொட்டுங்கள். முன்னாடியே கொட்டினால் சுவருக்குப் பூசலாம்.

முருகேசன்: சரி. கடைசியாக ஒன்று. விழாவில் நாடகமாமே. தினேஷுக்கு வேஷம் இருக்கிறது, துணி தைக்க வேண்டும் என்றான். அதற்கும் சேர்த்துத்தான் வந்தேன். என்ன நாடகம்?

செல்வி: அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை. நம் தருமபுரிதானே அந்தக் காலத்துத் தகடூர், அந்தக் கதையை விட்டு வேறு எதைப் போடுவது?

முருகேசன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) அதியமான்! நல்ல வெல்வெட் துணியாகப் போடுங்கள். இடுப்பில் ஒரு வாள். மீசையை நானே வரைந்துவிடுகிறேன். கிரீடம் எவ்வளவு ஆகும்?

செல்வி: கிரீடம் எல்லாம் வெட்டிவிட்டேன், அதோ பாருங்கள். ஐந்து.

முருகேசன்: ஒரு நாடகத்தில் ஐந்து அதியமானா?

செல்வி: எந்தத் தாயும் தன் பிள்ளை படைவீரனாக நிற்கச் சம்மதிக்கவில்லை. டீச்சர் என்ன செய்வார்? காட்சிக்கு ஒரு அதியமான் என்று முடித்துவிட்டார். கனி மட்டும் ஒன்றுதான். ஐந்து பேர் கை மாறி ஔவையிடம் போய்ச் சேர்வதற்குள் ஊறுகாயாகிவிடும்.

முருகேசன்: அந்த ஐந்தில் நம் பையன் எத்தனையாவது?

செல்வி: அந்த ஐந்தில் இல்லை. (போனைத் திருப்பிக் காட்டுகிறார்.) "மலை உச்சி நெல்லி மரமாக நிற்க ஒரு மாணவர் தேவை. வசனம் கிடையாது. சம்மதமுள்ள பெற்றோர் தெரிவிக்கவும்."

முருகேசன்: மரமா!

செல்வி: முதல் ஆள் நீங்கள்தான். டீச்சர் கண் கலங்கி எழுதியிருக்கிறார். "கேட்டவுடன் பெரிய மனதோடு ஒத்துக்கொண்ட தினேஷின் அப்பாவுக்கு நன்றி." அதற்கு முப்பது பேர் கும்பிடு. இதைத்தான் போனில் சொல்லியிருப்பார், மறக்க மாட்டோம் என்று.

முருகேசன்: கவிதாவுக்குத் தெரிந்தால் பென்னாகரத்திலிருந்து நடந்தே வருவாள் அக்கா. பையனுக்கு வருத்தமா?

செல்வி: அவனுக்கா? கையை விரித்துக்கொண்டு நின்றால் போதும், மனப்பாடம் செய்ய ஒரு வரிகூட இல்லை. மத்தியானம் வந்து அளவு கொடுத்துவிட்டு, பச்சைத் துணி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். வருத்தம் உங்களுக்குத்தான். ஆனால் வீட்டிலிருந்து ஒரு ஆள் மரம் என்றால், ஒரு ஆள் ஔவை.

முருகேசன்: யார்?

செல்வி: யாழினி. அவளாகக் கையைத் தூக்கிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். நாடகத்தில் பாதி வசனம் அவளுக்குத்தான். தலைக்கு நரை வைக்கப் பஞ்சு வேண்டும், மருந்துக் கடையில் ஒரு சுருள் வாங்கி வாருங்கள்.

முருகேசன்: (கொஞ்ச நேரம் பச்சைத் துணியைத் தடவிப் பார்க்கிறார்.) அப்போ மரத்திலிருந்துதானே அந்தக் கனியைப் பறிப்பார்கள்?

செல்வி: அங்கிருந்துதான். மரம் இல்லாமல் கதையே இல்லை.

முருகேசன்: மலை உச்சி மரம் என்றால் அதியமான்களைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையா? அந்த மாதிரி உயரமாகத் தைத்துவிடுங்கள் அக்கா.

செல்வி: உயரத்தை நான் எப்படித் தைப்பது? காலை ஆறு மணிக்கு நாற்காலி ஏற்றப் போகிறீர்கள் அல்லவா, அதோடு ஒரு ஸ்டூலையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆடாத ஸ்டூலாகப் பாருங்கள்.