தேதி எங்களுக்கு மட்டும்தானா?

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க விட்டால்தானே? தொழில் குரூப், சொந்தக்காரர் குரூப், பள்ளி நண்பர்கள் குரூப் என்று எல்லாவற்றிலும் வந்து விழுந்துவிட்டது. சங்கத்து ஆண்டு விழா மேடை, பின்னால் பெரிய பேனர், கோட்டு போட்ட சிறப்பு விருந்தினர். "தொழில் நொடித்துப் போவதில்லை, முதலாளியின் ஒழுக்கம்தான் நொடித்துப் போகிறது. காலை ஐந்து மணிக்கு எழுகிறவன் ஐ.பி. (திவால் மனு) கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை." உடனே கைதட்டல். அரங்கமே அதிர்கிறது.

பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று என் அக்கா மகன் அதை எனக்கே அனுப்பி, "மாமா, உங்களுக்குப் பயன்படும்" என்று எழுதி, கீழே ஒரு கைகூப்பும் போட்டிருந்தான். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், நேரம் இல்லாதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.

ஐயா, நான் நாலரைக்கே எழுந்துவிடுகிறேன். தூக்கம் வந்தால்தானே ஐந்து வரை படுத்திருப்பதற்கு?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சின்னத் தொழில் செய்கிறவன் கட்ட வேண்டியதற்கெல்லாம் தேதி இருக்கிறது. அவனுக்கு வர வேண்டியதற்குத் தேதி கிடையாது. வாடகைக்குத் தேதி, கரண்ட் பில்லுக்குத் தேதி, வங்கித் தவணைக்குத் தேதி, சம்பளத்துக்குத் தேதி. பார்ட்டியிடமிருந்து, அதாவது சரக்கு வாங்கியவரிடமிருந்து, வர வேண்டிய பணத்துக்கு மட்டும் "பார்க்கலாம் சார்". இந்த இடைவெளியில்தான் தொழில் சாகிறது. ஐந்து மணி அலாரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜிஎஸ்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பில் போட்டுவிட்டால் போதும், பணம் வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் அந்த பில்லுக்கான வரி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் 18 சதவீதம் வட்டி, ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ. ஐந்து கோடிக்குக் கீழே வியாபாரம் செய்கிறவனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வசதி இருக்கிறதே என்று யாராவது வருவார்கள். ரிட்டர்ன்தான் சாமி மூன்று மாதத்துக்கு ஒன்று, பணம் மாதாமாதம்தான். அதாவது பார்ட்டி எனக்கு இன்னும் தராத பணத்துக்கு, நான் என் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கிலிருந்து, வட்டிக்கு எடுத்து வரி கட்டுகிறேன். அந்த வரியைப் பார்ட்டி கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டு, அனுபவிக்கிறான். 180 நாளுக்குள் எனக்குப் பணம் தராவிட்டால் அந்த கிரெடிட்டை அவன் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆறு மாதம்! என்னுடைய 20-ம் தேதி எங்கே, அவனுடைய ஆறு மாதம் எங்கே?

அடுத்து நெட். "இந்தக் காலத்தில் எங்கே சார் நெட் இல்லை, 5ஜி வந்துவிட்டதே" என்பவர்களிடம் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, ஒரு நாள் என் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்பேன். அட்டைப்பெட்டி செய்கிற யூனிட் என்னுடையது. ரீல் இறக்க, பெட்டி அடுக்க இடம் வேண்டும், டவுனுக்குள் அந்த வாடகைக்குக் கட்டுப்படியாகாது, அதனால் வெளியே கிராமத்துப் பக்கம் போனோம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் சரக்கு ஏற்றி லாரி தயாராக நிற்கிறது. ரோடு போடுகிறவர்கள் பொக்லைனை விட்டுக் கேபிளை அறுத்துவிட்டார்கள். தகர ஷெட்டுக்குள் போனில் ஒரு கோடு சிக்னல் வரும், போகும். சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டுதான் ஈ-வே பில். அந்தத் தளத்துக்குள் நுழைய 2025 ஏப்ரலிலிருந்து எல்லாருக்கும் ஓடிபி கட்டாயம். ஓடிபி வந்து சேர்வதற்குள் அந்த இணையப் பக்கம் காலாவதியாகிவிடுகிறது. எஸ்எம்எஸ்ஸிலேயே ஈ-வே பில் போடலாமே என்று ஆடிட்டர் ஆபீஸ் தம்பி யோசனை சொன்னான். நல்ல பையன்தான், ஆனால் எஸ்எம்எஸ் போவதற்கும் டவர்தானே வேண்டும்? பில் இல்லாமல் வண்டியை அனுப்பி வழியில் பிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். டிரைவர் ஹால்ட் காசு கேட்கிறார், அவர் கேட்பதும் நியாயம்தான். கடைசியில் சூப்பர்வைசர் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போய், மழையில் ஒரு கடை வாசலில் நின்று பில்லை எடுத்தார். வண்டி கிளம்பியது இருட்டிய பிறகு.

சரக்கு தாமதம் என்று பார்ட்டி டெபிட் நோட் போட்டு, பில் தொகையில் பிடித்துக்கொண்டார்கள். அது மட்டும் மறுநாள் காலையிலேயே மெயிலில் வந்துவிட்டது. அவர்கள் ஊரில் நெட் நன்றாக வேலை செய்கிறது போல. அந்த பில்லுக்கான பணம் எப்போது வந்தது என்று கேட்காதீர்கள், எழுதினால் இன்னும் நாலு கெட்ட வார்த்தை சேரும்.

எல்லா ஊராட்சிக்கும் கண்ணாடி இழை என்று 2011-லேயே ஒப்புதல் கொடுத்த திட்டம், 2015-ல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள், 2023-ல் மறுபடியும் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல். எங்கள் பக்கம் இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்திருக்கிறது, பெட்டி சுவரில் தொங்குகிறது, அதில் விளக்கும் எரிகிறது. அங்கிருந்து என் ஷெட்டுக்கு யார் இழுத்துத் தருவது? கேட்டால் அது வேறு துறை. இன்னொரு வேடிக்கை, 2023 வரைக்கும் 512 கேபிபிஎஸ் கிடைத்தாலே அதை பிராட்பேண்ட் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம். இப்போதைய அளவு 2 எம்பிபிஎஸ். கோட்டு போட்டவர் தன் பேச்சை அந்த வேகத்தில் அப்லோடு செய்து காட்டட்டும், அப்புறம் ஒழுக்கம் பேசலாம். அந்த நாளில் தவறிய தேதிக்கும் அபராதம் எனக்குத்தான், கேபிளை அறுத்தவனுக்கு இல்லை.

சரி, "சட்டம் இருக்கிறதே, 45 நாளில் பணம் தர வேண்டும் என்று" என்பார்கள். இருக்கிறது. 2006-ம் வருடச் சிறுதொழில் சட்டம், எனக்கும் தெரியும், மனப்பாடமாகவே தெரியும். ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை 90 நாளில் முடிக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்துப் போகிறவன் 75 சதவீதத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டும். புகார் போட 2017-ல் சமாதான் என்று இணையதளமும் வந்தாயிற்று. படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆனால் புகார் போட்ட மறுநாள் அடுத்த ஆர்டர் யார் தருவான்? என் உற்பத்தியில் பாதிக்கு மேல் ஒரே பார்ட்டிக்குப் போகிறது. அவன் மேல் புகார் போடச் சொல்கிறவர், புகார் முடிகிற வரைக்கும் என் ஆட்களுக்குச் சம்பளம் போடுவாரா? சொல்லிவிட்டுப் போகட்டும், போடுகிறேன்.

அதற்கப்புறம் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள், 43பி(எச்). குறு, சிறு நிறுவனத்துக்குக் காலத்தில் பணம் தராவிட்டால், வாங்கியவர் அந்தச் செலவைத் தன் அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. நாம் சிறுதொழில் என்பதற்கு அடையாளம் பில்லில் போடும் உத்யம் பதிவு நம்பர். நல்ல யோசனை, உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அந்த வருடம் மார்ச்சில் ஒரு பார்ட்டியின் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் போன் செய்தார். பணம் தரத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "சார், இனிமேல் பில்லில் உத்யம் நம்பர் போடாதீங்க, எங்களுக்குப் பிரச்சினை வருது" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். நமக்குக் கொடுத்த ஆயுதத்தை நாமே வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டுமாம். இதுவும் உற்பத்தி செய்கிறவனுக்கும் சேவை தருகிறவனுக்கும்தான். வாங்கி விற்கிற வியாபாரி உத்யம் பதிவு வைத்திருந்தாலும் இந்த 45 நாள் அவனுக்குக் கிடையாது. அந்த அரங்கத்தில் கைதட்டியவர்களில் பாதிப் பேர் அந்த வியாபாரிகள்தான், அவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

"நீங்களும்தானே உங்கள் சப்ளையருக்கு இழுத்தடிக்கிறீர்கள்" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். எனக்கு வந்தால் கொடுக்கிறேன். அடுத்த கேள்விக்குப் போவோம்.

நொடித்துப் போவது பற்றித்தானே அவர் பேச்சே. அதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இந்தத் தொழிலில் முதல் ஆர்டர் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். லேத் பட்டறை வைத்திருந்தார், உதிரிபாகம் செய்து ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுப்பார், அதற்குப் பெட்டி என்னிடம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பில் தேதி தவறி அவர் எனக்குப் பணம் தந்ததாக ஞாபகமே இல்லை. அந்தக் கம்பெனி ஒரு நாள் திவால் நடைமுறைக்குப் போனது. 2016-ம் வருடச் சட்டம், பெரிய பெரிய வழக்கறிஞர்கள், மும்பையிலிருந்து வந்த ஒரு நிர்வாகி. அண்ணனும் படிவம் நிரப்பி, பில்லையெல்லாம் ஒட்டிக் கொடுத்தார். கடன் கொடுத்த வங்கிகள் உட்கார்ந்து ஓட்டுப் போடும், சரக்குக் கொடுத்தவனுக்கு அங்கே ஓட்டு இல்லை. முடிவில் அண்ணன் பெயருக்கு எதிரே வந்த தொகை, அவர் அந்தச் சரக்கை அனுப்பிய லாரி வாடகைக்குக் காணாது. கம்பெனியை வேறு யாரோ வாங்கி, போர்டை மாற்றி, இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். அதற்கு மறுவாழ்வு என்று பெயர், பத்திரிகையில் பாராட்டி எழுதினார்கள்.

அண்ணனுக்கு மறுவாழ்வு எங்கே? பட்டறை அவர் சொந்தப் பெயரில், கம்பெனி கிடையாது. தவணை 90 நாள் நின்றதும் கணக்கு வாராக்கடன் ஆனது, 60 நாள் நோட்டீஸ் வந்தது, வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். அவருக்கு வர வேண்டியதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவர் தர வேண்டியதற்கு அறுபது நாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் 2015-16 கணக்கெடுப்பின்படி ஆறு கோடிக்கு மேல் சிறுதொழில்கள், அவற்றில் ஏறக்குறைய 96 சதவீதம் தனி ஆள் பெயரில் நடப்பவை. 2016-ல் வந்த அந்தப் புதுச் சட்டத்தில் தனிநபருக்கென்று ஒரு பகுதியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019-ல் அமல்படுத்தினார்கள். மற்ற நமக்கெல்லாம் 1920-ம் வருடத் திவால் சட்டம்தான். சென்னைக்குள் என்றால் 1909. வெள்ளைக்காரன் எழுதியது, மூலச் சட்டத்தில் ஐ.பி. கொடுக்கக் கடன் 500 ரூபாய் இருந்தால் போதும் என்று இருக்கும். அதே நேரம் ஒரு கம்பெனி எனக்குப் பாக்கி வைத்தால், நான் அதைத் திவால் நடைமுறைக்கு இழுக்க 2020-லிருந்து குறைந்தது ஒரு கோடி பாக்கி இருக்க வேண்டும். தொண்ணூறு லட்சத்தை ஏமாந்தவன் ஏமாந்தவன்தான். 2021-ல் சிறுதொழிலுக்கென்றே சுலபமான ஒரு நடைமுறை கொண்டுவந்தார்கள், அதற்கும் கம்பெனியாகவோ, எல்எல்பி என்கிற பொறுப்பு வரம்புள்ள கூட்டாண்மையாகவோ பதிவு செய்திருக்க வேண்டும். அண்ணன் அதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார், "தம்பி, எங்களை எதில் சேர்த்திருக்கான்?"

"அப்போ வாங்கின கடனைக் கட்டவே வேண்டாம் என்கிறாயா" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. ஊதாரித்தனமாகச் செலவு செய்து ஓடிப்போனவர்களும் இருக்கிறார்கள், சீட்டுப் பணத்தைச் சுருட்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் அவர்களைக் காட்டி அண்ணனையும் அதே வரிசையில் நிறுத்துவது என்ன நியாயம்? மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் என்று அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் வராதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் அந்த வீடியோவில் முன்வரிசையில் இருக்கிறார்கள். கை வலிக்கத் தட்டுகிறார்கள். அண்ணன் தான் தர வேண்டிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய், லேத்தை விற்று, இன்றும் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், எனக்கும் உட்பட. வேண்டாம் என்றால் கோபப்படுகிறார். அவருக்குத்தான் ஒழுக்கம் நொடித்துப் போய்விட்டதாம்.

அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அவர் மகள் சொன்னது.

சிறப்பு விருந்தினருக்கு ஒரு தகவல். ஒரு பேச்சுக்கு அவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் மேடை ஏறுவாராம், சங்கத்துக்காரர்களே சொல்கிறார்கள். தப்பே இல்லை, புத்திசாலி. எங்களுக்கும் அப்படி ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் எழுந்து நின்று தட்டியிருப்பேன்.

"பாசிட்டிவாக யோசியுங்கள் சார்" என்று கமெண்டில் எழுதப் போகிறவர்கள், அதற்கு முன்னால் நீங்கள் வேலை பார்க்கிற கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய், 45 நாள் தாண்டி எத்தனை சின்ன சப்ளையர் பில் மேஜையில் கிடக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். எண்ணிக்கையோடு வந்தால் பேசலாம். அக்கா மகனே, நீயும்தான். நீ இருப்பது பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட்.