போக்சோ பணியாளர்களுக்கு யோகா முகாம் போதாது

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 33-வது பிரிவு. சீருடையில் இல்லாத பெண் அதிகாரி, குழந்தைக்கு வசதியான இடத்தில் வைத்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது 24-வது பிரிவு. குழந்தையின் மனதை நினைத்து எழுதப்பட்ட நல்ல ஏற்பாடுகள் இவை. ஆனால் அந்த வன்முறையின் விவரங்களை ஒரு குழந்தை முடிந்ததும் அடுத்த குழந்தையிடம், வருடக் கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு? மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ., அரசு மருத்துவமனை மருத்துவர், குழந்தைகள் நலக்குழு உறுப்பினர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆற்றுப்படுத்துநர், வழக்கு முடியும் வரை குழந்தையோடு வரும் ஆதரவு நபர் என்று பெரிய கூட்டமே இருக்கிறது. இவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது வருடத்துக்கு ஒரு யோகா முகாமும், "மனசைத் திடமா வச்சுக்கங்க" என்ற அறிவுரையும்தான்.

இது மனதிடம் சார்ந்த விஷயமே இல்லை. 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூல், பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு) வருவதற்கான காரணங்களில் ஒன்றாக, வேலை நிமித்தமாகக் கொடூர விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் சேர்த்திருக்கிறது. அதற்கு அது தரும் உதாரணங்களில் ஒன்றே, குழந்தை வதை விவரங்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும் காவலர்கள்தான். சம்பவத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. கல்குவாரியில் வேலை பார்ப்பவரின் நுரையீரலில் தூசி படிந்தால் அவர் பலவீனமானவர் என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் அதுபோலத் தொழில் தரும் பாதிப்பு.

இதில் இரண்டு பாதிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலைப்பளு, சம்பளக் குறைவு, மேலதிகாரியின் அலட்சியம் இவற்றால் மெதுவாக ஏறும் சோர்வு ஒன்று. கேட்ட விவரங்களே மனதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வது இன்னொன்று. முதலாவதற்கு விடுப்பும் ஆட்களும் கொடுத்தால் கொஞ்சம் தேறும். இரண்டாவது, விடுப்பில் போனாலும் கூடவே வரும். ஆட்டோ ஓட்டுநரில் தொடங்கி சொந்த மாமனார் வரை எல்லார்மீதும் சந்தேகம் வரும். தன் குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒரு வாக்குமூலத்தின் வரி நினைவுக்கு வரும். கணவன் மனைவி நெருக்கம் அருவருப்பாகிவிடும். இவற்றை வீட்டில் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. பலருக்கு இதற்கு நேர்மாறாக எதுவுமே உறைக்காத மரத்துப்போன நிலை வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதை அனுபவ முதிர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த மரத்துப்போதல் வழக்கையே கெடுக்கும். இதை அதிகாரிகள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். விவரத்தைக் கேட்கவே மனம் மறுக்கும்போது, கேட்பவர் தன்னை அறியாமலே கேள்விகளைத் தாண்டிப் போகிறார். எத்தனை முறை, எந்த அறையில், யாராவது வந்தார்களா என்பதெல்லாம் விடுபட்டுப் போகிறது. பிறகு நீதித்துறை நடுவர் முன்னால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 183-வது பிரிவின்படி (பழைய சட்டத்தில் 164) குழந்தை அதையெல்லாம் சொல்லும்போது, "முதலில் ஏன் சொல்லவில்லை?" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். கோபம் மிஞ்சிப் போனவரிடம் தவறு வேறு விதமாக நடக்கிறது. "அவன் உன்னை இங்கே தொட்டான்ல?" என்று விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டுவிடுகிறார். சொல்லிக்கொடுத்த சாட்சி என்ற வாதத்துக்கு அங்கேயே வழி திறந்துவிடுகிறது. "என்ன நடந்துச்சு, சொல்லும்மா. அப்புறம்?" என்று பொறுமையாகக் காத்திருக்க, கேட்பவரின் மனதில் இடம் வேண்டும். பணியாளரின் மனநலம் குழந்தைக்குக் கிடைக்கும் நீதியோடு நேரடியாகக் கட்டப்பட்டிருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆதரவு நபர்களின் வலி இன்னொரு வகை. விசாரணையைக் கூடுமானவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 35-வது பிரிவு. நடைமுறையில் இழுக்கிறது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்ட சித்தப்பாவோ தாத்தாவோ குடும்பத்தோடு சமரசம் பேசி முடித்திருப்பார். கூண்டில் ஏறிய குழந்தை "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லும், பிறழ் சாட்சி என்று பதிவாகும். சம்பாதிக்கிறவரே குற்றவாளியாக இருந்தால் குழந்தை காப்பகத்துக்குப் போகும், "அம்மாகிட்ட எப்போ விடுவீங்க?" என்று ஆதரவு நபரைத்தான் கேட்கும். அந்தக் கேள்விக்கான பதில் அவர் கையில் இல்லை. ஆனாலும் குற்ற உணர்ச்சி அவரைத்தான் பிடிக்கிறது. அதை ஈடுகட்ட சொந்த எண்ணைக் கொடுப்பது, கைக்காசில் துணிமணி வாங்கித் தருவது, இரவு பதினொரு மணிக்கும் போனை எடுப்பது என்று எல்லை கரையத் தொடங்கும். இது தியாகம்போலத் தெரிந்தாலும் அபாய அறிகுறி.

சரி, என்ன செய்யலாம்? அன்றாட வேலையில் உடனே மாற்றக்கூடியவை நிறைய உண்டு. விரிவான வாக்குமூலம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும். முடிந்ததும் குறைந்தது இருபது நிமிடம் இடைவெளி விட்டு, எழுந்து நடந்து, முகம் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. வழக்குகளை வெறும் எண்ணிக்கையாகப் பங்கிடக் கூடாது. வீட்டுக்குள் நடந்த வன்முறை, மிகச் சிறிய குழந்தை, சாட்சியம் நெருங்கும் வழக்கு ஆகியவை ஒவ்வொன்றையும் இரண்டாகக் கணக்கிட வேண்டும். கோப்பின் முதல் பக்கத்தில் வயது, நிலை, அடுத்த தேதி, தேவையான உதவி இவற்றை மட்டும் வைத்துவிட்டு, சம்பவ விவரத்தைத் தனி உறையில் போடுங்கள். இழப்பீட்டு விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்க வந்த எழுத்தர் வாக்குமூலம் முழுவதையும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

காணொளி ஆதாரம் பார்ப்பவர்களுக்குத் தனி ஒழுங்கு வேண்டும். குரலும் மனதில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் சத்தத்தை அணைத்துப் பாருங்கள். பிறகு தேவையான பகுதிக்கு மட்டும் சத்தம். திரையை நிரப்பாமல் சின்னச் சதுரத்தில், முடிந்தால் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது நல்லது. தனியாகப் பார்க்காதீர்கள், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் பார்க்கவே பார்க்காதீர்கள்.

சக ஊழியரிடம் கொட்டுவதிலும் கவனம் தேவை. டீ குடிக்கும் இடத்தில் திடீரென்று ஒரு கொடூர விவரத்தைச் சொன்னால், பாரம் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. "ஒரு கனமான கேஸ், பேசணும், இப்ப முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். அவர் சரி என்றால் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லுங்கள், உடல் சார்ந்த விவரங்களை விட்டுவிடலாம். ரகசியக் காப்பு என்ற பேரில் மனநல ஆலோசகரிடம்கூடப் பேசாமல் பலர் புழுங்குகிறார்கள். குழந்தையின் அடையாளம்தான் வெளியே போகக் கூடாது. பெயர், ஊர், பள்ளி எதுவும் இல்லாமல் உங்கள் தூக்கமின்மையைப் பற்றிப் பேச எந்தத் தடையும் இல்லை.

பெரிய சம்பவத்துக்குப் பிறகு எல்லாரையும் கட்டாயமாக ஒரே நாளில் உட்கார வைத்து நடந்ததைச் சொல்லவைக்கும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள். அந்த ஒற்றை அமர்வு பி.டி.எஸ்.டி.யைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேண்டியது பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், வெளியிலிருந்து வரும் அனுபவமுள்ள ஆலோசகருடன் பேசும் அமர்வு. வேலை மதிப்பீட்டு அறிக்கை எழுதும் அதிகாரி அதை நடத்தக் கூடாது, அவர் முன்னால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். 'புரோகுவால்' என்ற முப்பது கேள்விப் படிவம் இலவசம். மேலே சொன்ன முதல் பாதிப்பான சோர்வு எவ்வளவு, கேட்ட விவரங்கள் மனதில் உட்காரும் இரண்டாவது எவ்வளவு, வேலையில் கிடைக்கும் நிறைவு எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடலாம். விடைத்தாள் பணியாளரிடமே இருக்க வேண்டும். அலுவலகக் கோப்புக்குப் போகும் என்று தெரிந்தால் எல்லாருமே "நலம்" என்றுதான் நிரப்புவார்கள்.

கெட்ட கனவு, திடுக்கிடல், விலகி ஓடும் எண்ணம் ஒரு மாதத்தைத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இத்தனையும் எழுதிவிட்டுச் சம்பளத்தைப் பேசாவிட்டால் அர்த்தமில்லை. மாவட்ட அலகில் பலர் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் "எனக்குத் தாங்கவில்லை, இந்த மாதம் புது கேஸ் வேண்டாம்" என்று எப்படி வாய் திறப்பார்? ஆதரவு நபருக்கான கட்டணம், திறன்மிகு தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று 2020 போக்சோ விதிகளின் 5-வது விதி சொல்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 105-வது பிரிவில் வரும் நிதியிலிருந்து அதைக் கொடுக்கவும் வழி இருக்கிறது. அந்தக் கட்டணம் தாமதமில்லாமல் வர வேண்டும். வெளி ஆலோசகரின் கட்டணமும், ஒருவர் விடுப்பில் போனால் அவருடைய வழக்குகளைப் பார்க்கும் மாற்று ஆளின் சம்பளமும் ஒவ்வொரு மாவட்டத்தின் ஆண்டு வரவு செலவிலும் தனித் தலைப்பாக இடம்பெற வேண்டும். இதைப் படிக்கும் குழந்தைகள் நலக்குழு உறுப்பினர்கள், அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் எழுத்துமூலமாகக் கேளுங்கள்.