புத்தகம் அடுக்குறதும் பூட்டை இழுத்துப் பாக்குறதும் ஒண்ணில்ல

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்ட பதிவு இது, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சப்ப வயசு 34. அதுக்கு முன்னாடியே என் ஃபைல்ல ஆங்ஸைட்டி (ஓயாத பதட்டம்), டிப்ரெஷன், ஓசிடி (பயத்துல ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது)ன்னு மூணு பேரு இருந்துச்சு, அப்புறமா ஏடிஹெச்டியும் (கவனம் ஒரு இடத்துல நிக்காம அலையுறது) வந்து ஒட்டிக்கிச்சு. இதைச் சொன்னா எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, "சரி, இதுல உனக்கு நெஜமாவே இருக்கிறது எது?" எல்லாமேதாங்க இருக்கு.

நான் தினமும் பண்ற ரெண்டு விஷயம் சொல்றேன். ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அலமாரியில புத்தகத்தை உயரவாரியா அடுக்குவேன். வெளிய கிளம்பும்போது பூட்டை இழுத்து இழுத்துப் பாப்பேன். பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒரே கிறுக்குதான். ஆனா அடுக்கும்போது எனக்கு மூச்சு சீராகுது, தோள் கீழ எறங்குது, யாராவது நடுவுல வந்து பேசினா கடுப்பாகும், அவ்ளோதான். பூட்டு கதையே வேற. பூட்டியாச்சுன்னு நல்லாத் தெரியும், அழுத்திப் பிடிச்ச தடம் விரல்ல செவப்பா இருக்கும், இருந்தும் ஏழாவது படி எறங்கினதும் கால் நின்னுடும், திரும்ப மேல ஏறுவேன், இழுப்பேன், எறங்குவேன், திரும்ப ஏழாவது படி. அதுல சுகம்னு ஒரு பொட்டுகூட கிடையாது, பயம் மட்டும்தான். அடுக்குறது ஆட்டிசம், பூட்டு ஓசிடி. இதை உள்ள இருக்கிற என்கிட்ட கேட்டாத்தான் தெரியும், வெளியில நின்னு பாத்தா தெரியாது.

ஒரு தெரபிஸ்ட் கேக்கவே இல்ல. ரெண்டையும் ஒரே லிஸ்ட்ல போட்டு ரெண்டையும் நிறுத்தச் சொன்னாரு. நானும் சொன்னதை அப்படியே செய்யுற ஆளு (அதுவும் ஆட்டிசம்தான்னு வைங்க), நிறுத்திட்டேன். பூட்டைப் பாக்குறது கொஞ்சம் கொறஞ்சது உண்மை. ஆனா அடுக்குறதை விட்டதும் தூக்கம் போச்சு, ட்யூப்லைட் சத்தம் மண்டைக்குள்ள எறங்க ஆரம்பிச்சுது, ரெண்டே மாசத்துல வேலைக்குப் போக முடியல. நோயையும் எடுத்தாரு, அதைத் தாங்கிட்டிருந்த கைத்தடியையும் சேத்துப் பிடுங்கிட்டாரு.

அவரை மட்டும் திட்டி என்ன பண்றது. எதை எந்த மனநலப் பிரச்சனைன்னு எழுதலாம்னு டாக்டர்களுக்குச் சொல்ற, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போடுற டிஎஸ்எம் கையேடு இருக்குல்ல, 1994ல வந்த அதோட நாலாம் பதிப்புல ஆட்டிசம் இருந்தா ஏடிஹெச்டின்னு தனியா எழுதக் கூடாதுன்னே இருந்துச்சு. 2013ல அஞ்சாம் பதிப்பு வந்த பிறகுதான் ரெண்டையும் சேத்து எழுதலாம்னு ஆச்சு. ஆனா 2019ல லான்செட் சைக்கியாட்ரிங்கிற மருத்துவ இதழ்ல வந்த, பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ளவங்கள்ல ஏறக்குறைய 28 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டி, 20 சதவீதத்துக்கு ஆங்ஸைட்டி, 11க்கு டிப்ரெஷன், 9க்கு ஓசிடின்னு சொல்லுது. அதாவது என் ஃபைல் ஒண்ணும் அதிசயம் இல்ல.

அப்புறம் அந்த ஃபாரம். டிப்ரெஷனுக்கு ஒம்போது கேள்வி குடுப்பாங்களே, அது. போன ரெண்டு வாரத்துல பசி இல்லாம இருந்தீங்களா, இல்ல ரொம்ப சாப்பிட்டீங்களான்னு ரெண்டையும் ஒரே கேள்வியில போட்டிருக்கான். எதுக்கு டிக் பண்றது? எனக்குப் பசின்னு ஒண்ணு வர்றதே தெரியாது, கை நடுங்கினாத்தான் ஓஹோ இன்னும் சாப்பிடலன்னு புரியும். இன்னொண்ணு, ஒரு இடத்துல உக்கார முடியாம பரபரன்னு இருக்கீங்களான்னு. பொறந்ததுல இருந்தே விரலை ஆட்டிக்கிட்டு இருக்கேன், இதுல ரெண்டு வாரக் கணக்கு எங்க போடுறது? இருபது நிமிஷம் பேனாவைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன், ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு வந்து "மேடம், சும்மா தோணுறதைப் போடுங்க"ன்னா. தோணலயேம்மா, அதுதானே பிரச்சனை. உள்ள என்ன உணர்ச்சி ஓடுதுன்னு பேர் வைக்க முடியாததுக்கு அலெக்ஸிதைமியான்னு ஒரு வார்த்தை இருக்கு, அதை எனக்கு யாரும் சொல்லல, நானே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆட்டிசம்னு சீட்டு கைக்கு வந்த பிறகாவது சரியாகும்னு நெனச்சேன், அப்ப தலைகீழாப் போச்சு. குளிக்கலையா, ஆட்டிசம். ஃபோன் எடுக்கலையா, ஆட்டிசம். அழுவுறாளா, ஓவர்லோடு (சத்தம், வெளிச்சம்னு எல்லாம் சேந்து மண்டை தாங்காமப் போறது), விடுங்க சரியாயிடும். இல்லீங்க, அது டிப்ரெஷன். அதுக்கு மாத்திரை இருக்கு, எனக்குக் கேட்டுச்சு. ஆட்டிசத்துக்குன்னு மாத்திரை கிடையாது, ட்யூப்லைட் இன்னிக்கும் கத்துது, ஆனா காலைல எந்திரிக்க முடியுது. எந்திரிக்கவே முடியாததை ஆட்டிசத்துக் கணக்குல எழுதி ஒரு வருஷத்தை வீணாக்கினதுதான் இன்னும் ஆறல.

எனக்கு எப்படித் தெரிஞ்சுது டிப்ரெஷன்னு? என்கிட்ட சாவி குடுக்குற பழைய கடிகாரம் மூணு இருக்கு. அதுங்கதான் எனக்கு உசுரு, கழட்டி எண்ணெய் போட்டு மாட்டுறதுன்னா சாப்பாடு வேணாம். ஓவர்லோடு ஆனா நான் நேரா அதுங்ககிட்டதான் ஓடுவேன். அந்தத் தடவை மூணுமே நின்னு மூணு வாரமாச்சு, நின்னதுகூட எனக்குத் தெரியல. வீட்டுக்கு வந்த தங்கச்சிதான், "என்னக்கா, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு"ன்னு கேட்டா.

அதுல இருந்து அவ எப்படி இருக்கேன்னு கேக்குறதில்ல, கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணி "கடிகாரம் ஓடுதா?"ன்னு மட்டும் கேப்பா. நேத்தும் கேட்டா. ரெண்டு ஓடுது, பெருசு நின்னுருக்குன்னேன். சரி, புதன்கிழமை வரேன்னா.