அக்கட்டால போறது எப்படீங்க?

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ரோடு அகலப்படுத்துவது பற்றி ஒரு விளக்கக் கூட்டம். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். ஆறு வழிச்சாலை, நடுவில் அரளிச்செடி வைத்த சென்டர் மீடியன், இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு. படத்தில் கார் இருந்தது, பஸ் இருந்தது, வெளிநாட்டு ஊரில் நிற்கிற மாதிரி விளக்குக் கம்பங்கள் இருந்தன. மனுஷர் ஒருத்தரைக் காணோம்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் அத்தை கையைத் தூக்கினார். எழுபத்திரண்டு வயது. "ஏனுங்க தம்பி, இதுல அக்கட்டால போறது எப்படீங்க?" அக்கட்டால என்றால் எங்கள் கொங்குப் பேச்சில் அந்தப் பக்கம், இக்கட்டால என்றால் இந்தப் பக்கம்.

மண்டபமே சிரித்தது. விளக்கம் சொன்ன எஞ்சினியரும் சிரித்தார். நல்ல பையன்தான். "அதுக்கு ஃபுட் ஓவர் பிரிட்ஜ் ப்ரொவிஷன் இருக்குதும்மா" என்றார். அத்தை என் பக்கம் திரும்பி, "என்ன கண்ணு சொல்றாங்க?" என்றார். படி ஏறி இறங்கணுமாம் என்றேன்.

"எத்தனை படி?"

அதற்கு அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டேன். நெடுஞ்சாலைக்கு மேலே கட்டுகிற பாலத்துக்கு அடியில் ஐந்தரை மீட்டர் உயரம் காலியாக விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர் ஆகிவிடும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால் 160. முட்டி தேய்ந்துபோன ஒரு பொம்பளை அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டிய படிகள். லிஃப்ட் வைப்பார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். கோயமுத்தூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல நல்ல மனசு வேண்டும்.

ஊர்ப் பேரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் எந்த எஞ்சினியர், எந்த அலுவலகம் என்று தேடக் கிளம்பிவிடுவீர்கள். கோவையிலிருந்து வெளியே போகும் ஒரு தேசிய நெடுஞ்சாலையில், இருபது வருஷத்துக்கு முன்னால் ஊராக இருந்து இப்போது நகரமாகிவிட்ட இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி நிறைய இருக்கின்றன.

நான் ரோட்டுக்கு விரோதி இல்லை. கிரைண்டர் உதிரிபாகம் செய்கிற சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கோவையில் கணபதி என்கிற பகுதிக்குச் சரக்கு கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவதற்குள் அரை நாள் போய்விடுகிறது. நெரிசலில் நின்று நான் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தபோது முதல் வாரமே வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்தவன் நான். ஜி.டி.நாயுடு பேர் வைத்ததில் ஒரு கர்வம் வேறு. சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் அதே அவினாசி ரோட்டின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 2010 ஜூனில் செம்மொழி மாநாடு. அதை ஒட்டி ரோடு அகலமானது, மரங்கள் போயின. இனி ஐம்பது வருஷத்துக்குக் கவலை இல்லை என்று எங்கள் பட்டறையில் டீ குடித்துக்கொண்டு பேசியது ஞாபகம் இருக்கிறது. பத்தே வருஷம். 2020-ல் அதே ரோட்டுக்கு மேலே மேம்பாலம் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். ஊர் வளர்ந்தது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. ரோடு நன்றாக இருந்தால் நேற்றுவரை பஸ்ஸில் போனவன் பைக் எடுக்கிறான், பைக்கில் போனவன் கார் வாங்குகிறான், பத்து மைல் தள்ளி சைட் போடுகிறவன் "சிட்டிக்கு இருபதே நிமிஷம்" என்று போர்டு வைக்கிறான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் கேட்டி ஃப்ரீவே என்று ஒரு ரோடு. 2008-ல் அகலப்படுத்தி முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 வழி. 2011-க்கும் 2014-க்கும் நடுவிலேயே காலையும் மாலையும் பயண நேரம் கூடிவிட்டது. 26 வழிக்கு அந்தக் கதி என்றால் எங்கள் ஆறு வழிக்கு என்ன ஆயுசு என்று அந்த எஞ்சினியரிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் டிபன் வந்துவிட்டது.

சரி, நெரிசல் தீருமா தீராதா என்பதை விட்டுவிடுகிறேன். தீர்ந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். எனக்குப் பயமே அதில்தான்.

எங்கள் ஊரில் வீடுகள் எல்லாம் ரோட்டுக்கு இக்கட்டால. ரேஷன் கடை, பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், காந்திபுரத்துக்கு டவுன் பஸ் ஏறுகிற ஸ்டாப்பிங் எல்லாம் அக்கட்டால. யாரும் திட்டம் போட்டு அப்படி வைக்கவில்லை. ரோடு என்பது ஊரின் நடுவில் போகும் ஒரு தெருவாக இருந்த காலத்தில் தானாக அமைந்தது. அத்தை ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு தடவை தாண்டுகிறார். எப்படித் தாண்டுகிறார் என்று ஒரு நாள் காலையில் பட்டறை வாசலில் நின்று பார்த்தேன். புளியமரத்தடியில் நிற்கிறார். முந்தானையை இடுப்பில் சொருகுகிறார். இடது கையில் பால் தூக்கு. வலது கையைப் போலீஸ்காரர் மாதிரி நீட்டிக்கொண்டு, வண்டிக்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார். அவன் ஹாரன் அடிக்கிறான். இவர் "இரு சாமி, இரு" என்கிறார். அவன் நிற்கிறான். ஏன் நிற்கிறான் என்றால் அவன் ஓட்டுவதே இருபது கிலோமீட்டர் வேகத்தில். முன்னால் மண் லாரி, அதற்கு முன்னால் டவுன் பஸ். நாமெல்லாம் திட்டுகிற அந்த நெரிசல்தான் அத்தைக்கு சிக்னல்.

இப்போது தார் ரோடு ஏழு மீட்டர். அத்தையின் நடைக்கு ஒன்பது நொடி. நாளைக்கு ஒரு வழிக்கு மூன்றரை மீட்டர் வீதம் ஆறு வழி, மொத்தம் 21 மீட்டர். சர்வீஸ் ரோடு தனி. நடுவில் நிற்க இடம் கொடுத்தால்கூட ஒரு பாதியைத் தாண்ட 13 நொடி வேண்டும். வண்டி 60-ல் வந்தால் அந்த 13 நொடியில் 200 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது அத்தை காலை எடுத்து வைக்கும்போது 200 மீட்டர் தூரத்துக்கு ரோடு காலியாக இருக்க வேண்டும். காலை எட்டரை மணிக்கு, புதுசாகப் போட்ட நெடுஞ்சாலையில். அப்புறம் ஆறு வழிச்சாலையில் 60-ல் ஓட்டுகிறவன் யார், அதையும் சொல்லுங்கள்.

இது என் கற்பனைப் பயம் இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

இன்னொன்று, கோவைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். கொஞ்ச வருஷமாக நம் ஊரில் ஒவ்வொரு சந்திப்பாக சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் போட்டுக்கொண்டு வருகிறார்கள். லாலி ரோட்டில் ரவுண்டானா வந்தது. வண்டி நிற்காமல் போகிறது, பெட்ரோல் மிச்சம், எல்லோருக்கும் சந்தோஷம். வண்டி நிற்காமல் போகிறது என்றால் நடக்கிறவனுக்கு முறையே வரவில்லை என்று அர்த்தம். டி.பி. ரோட்டிலும் ரேஸ் கோர்ஸிலும் மாடல் ரோடு என்று அருமையான நடைபாதை போட்டிருக்கிறார்கள், நானும் ஞாயிற்றுக்கிழமை போய் நடந்திருக்கிறேன். உடம்பு இளைக்க நடக்கிறவர்களுக்கு நடைபாதை இருக்கிறது. வேலைக்கும் ரேஷனுக்கும் நடக்கிறவர்களுக்கு டிவைடர் சுவர் இருக்கிறது. கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, இருக்கட்டும்.

எதிர்க்கிற எங்கள் தரப்பிலும் எல்லாம் சுத்தமில்லை. முதலில் கூட்டம் போட்டவர்கள் கடைக்காரர்கள். பாதிப் பேருக்குக் கவலை படிக்கட்டும் தகரக் கூரையும் போய்விடும் என்பது. அதில் பல படிக்கட்டுகள் புறம்போக்கில்தான் நிற்கின்றன. என் பட்டறைச் சாய்வுப்பலகையே இரண்டடி வெளியில் இருக்கிறது. சர்வேக்காரர்கள் சிவப்புப் பெயிண்டில் அம்பு போட்டுவிட்டுப் போனபோது அதை அளந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சொந்தக் கட்டடக்காரர்களில் சிலர் எதிர்ப்பெல்லாம் நஷ்டஈட்டு ரேட் ஏறுகிறவரைக்கும்தான். வாடகைக்குக் கடை வைத்து இட்லி மாவு விற்கிற அக்காவுக்கு அந்த நஷ்டஈட்டில் என்ன வரும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. மரத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் வந்தார்கள், வரட்டும். எனக்கு அந்தப் புளியமரத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. வருஷாவருஷம் புளி ஏலம் விட்டு அரசாங்கம் காசு பார்த்த மரம், இப்போது பட்டையில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் வாங்கி நிற்கிறது. ஒன்றுக்குப் பத்து கன்று நடுவார்களாம். எங்கே? அத்தை ரோட்டைத் தாண்டுவதற்கு முன் நிற்கிற இடத்திலா?

"அப்போ பைபாஸ் போடச் சொல்லலாம்ல?" என்று இதைப் படிக்கும்போதே சில பேர் டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மச்சான் வீட்டுக்குப் போகிறவரைக்கும். அவருடைய தோட்டத்தில், நாற்பது வருஷத் தென்னைகளுக்கு நடுவே, பைபாஸ் வந்தால் இப்படித்தான் போகும் என்று எவரோ சொன்ன கோட்டைக் கையால் காட்டினார். கிணறு அந்தப் பக்கம், சாளை (தோட்டத்து வீடு) இந்தப் பக்கம். "மாப்ள, உங்க ரேஷன் கடை தப்பிக்கறதுக்கு என் கெணத்தைக் கேக்கறீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கும் அதே கேள்விதான்: அக்கட்டால போறது எப்படி? பைபாஸ் என்றால் தீர்ந்தது என்றும் இல்லை. நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை 28 கிலோமீட்டர் எல் அண்ட் டி பைபாஸ் இருக்கிறதே, ஊருக்கு வெளியே என்று சொல்லிப் போட்டது. இன்றைக்கு அதுவும் ஊருக்குள் வந்துவிட்டது. அதையும் அகலப்படுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் முறையாகச் சொல்ல வழி இருக்கிறதா என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956, பிரிவு 3சி. நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். யார் கொடுக்கலாம் என்றால், அந்த நிலத்தில் சம்பந்தம் உள்ளவர். பட்டா வேண்டும், சர்வே நம்பர் வேண்டும். சுற்றுச்சூழல் கருத்துக்கேட்பு என்று ஒன்று நடக்குமே, அதில் போய்ப் பேசலாமா என்றேன். அதற்கு ரோடு 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், ஏற்கெனவே உள்ள பாதையில் 40 மீட்டருக்கு மேல் கூடுதலாக இடம் எடுக்க வேண்டும். எங்கள் திட்டம் அதில் கால்வாசிகூட வராது. மண்டபத்தில் நடந்த கூட்டமே அவர்களாக வைத்தது, வைக்காமலும் இருந்திருக்கலாம் என்றார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ரோட்டின் நீளவாக்கில் போகிறவனை எண்ணுவதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள். போன வருஷம் மூன்று நாள் பந்தல் போட்டு உட்கார்ந்து கார் எத்தனை, லாரி எத்தனை என்று கோடு போட்டதைப் பார்த்திருக்கிறேன். நிலம் போகிறவன் எழுதிக் கொடுக்க விண்ணப்பம் இருக்கிறது. குறுக்கே போகிறவளை யாரும் எண்ணவில்லை. அவள் எழுதிக் கொடுக்க ஒரு படிவம்கூட இல்லை.

நாங்கள் கேட்பது பெரிய விஷயமே இல்லை. ஸ்டாப்பிங்குக்கு நேரே தரையிலேயே தாண்டுகிற இடம், நடக்கிறவனுக்கென்று ஒரு சிவப்பு விளக்கு, ஊருக்குள் வண்டி வேகத்தைக் குறைக்க மேடு. நடக்கிறவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்று தனியாக வழிகாட்டியே இருக்கிறது, நாங்கள் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அது வரைபடத்தில் வருகிறவரை நான்கு வழி போதும், ஆறு வேண்டாம் என்பது என் கருத்து. கடைக்காரர்களில் பல பேர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களோடு சண்டை தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

போன வாரம் அத்தை பேரில் மனு எழுத உட்கார்ந்தோம். ஆட்சேபப் படிவத்தின் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு எழுதினேன். பெயர், வயது, முகவரி எல்லாம் ஆயிற்று. 'மேற்படி நிலத்தில் மனுதாரரின் உரிமை' என்று ஒரு இடம். நான் பேனாவை நிறுத்திவிட்டு, என்ன போடட்டும் அத்தை என்றேன்.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து தாண்டீட்டு இருக்கறேன்னு போடு."

அப்படியே போட்டிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி எழுதித் தர பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் ஒன்பது பேர் பெண்கள். வருகிறவர்கள் காலை எட்டரைக்கே புளியமரத்தடிக்கு வந்துவிடுங்கள். பஸ் அக்கட்டால நிற்கும், தாண்டக் கொஞ்சம் நேரம் ஆகும்.