சி.வி. ஐயாவின் கூட்டத்தில் அப்பாயியைப் பாட விட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை அட்டனில் நடந்த, இலங்கை மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் நினைவேந்தலுக்கு என் அப்பாயியை, அதாவது அப்பாவின் அம்மாவை, கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வந்து மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாயிக்கு 76 வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 'சி.வி. ஐயா' என்றால் தெரியும். 1947இல் தலவாக்கலையில் ஐயா பாராளுமன்றத்துக்கு நின்றபோது வாக்குப் போட்டவர்களில் அப்பாயியின் அப்பாவும் ஒருவர். அடுத்த வருஷமே தோட்டத்துத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் அந்த மனுசனுக்கு வாக்கு இல்லை. "எங்கப்பா ஒரே ஒரு தரம் வோட்டுப் போட்டாரு, அது ஐயாவுக்குத்தான்" என்று அப்பாயி இன்றைக்கும் சொல்வார். அந்த உரிமையில்தான் மழையையும் பார்க்காமல், பெட்டிக்குள் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. இதை வாய் நிறையச் சொல்ல வேண்டும். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து 1984இல் போய்ச் சேர்ந்த ஒரு கவிஞருக்காக இத்தனை வருஷம் கழித்தும் பூண்டுலோயாவிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் சனம் பஸ் ஏறி வருகிறது. மலையகத்தில் இலக்கியக் கூட்டத்துக்கு ஆள் சேராது என்கிறவர்கள் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் இருந்த தம்பி உயர்தரம் (ஏ.எல்.) படிக்கிறவர். மடியில் ஒரு சி.ஆர். கொப்பி. ஐயா ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பால ஐயா தமிழுக்குக் கொண்டுவந்த 'தேயிலைத் தோட்டத்திலே' கவிதை நூலை அதில் முழுசாகக் கையால் எழுதி வைத்திருந்தார். புத்தகம் வாங்கக் கிடைக்கவில்லையாம். ஒரு சேரிடம் இரவல் வாங்கி மூன்று இரவு இருந்து எழுதினாராம். பிடித்த இடங்களில் பச்சை மையால் கோடு போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில், கூட்டத்தில் கேட்பதற்கென்று ஒரு கேள்வியும் எழுதியிருந்தார். கேட்க இடம் கிடைக்கவில்லை.

வரவேற்புரை, தலைமையுரை, ஆறு வாழ்த்துரை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பொன்னாடை. பேசியவர்கள் எல்லோரும் ஐயாவை மதிக்கிறவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டரை மணித்தியாலத்தில் அவருடைய கவிதை ஒன்றைக்கூட முழுசாகக் கேட்க முடியவில்லை. பாடசாலைப் பிள்ளை ஒருத்தி மனப்பாடம் செய்து வந்திருந்தாள். நேரம் போய்விட்டது என்று நாலு வரியோடு இறக்கிவிட்டார்கள்.

ஒருவர் பேசும்போது, ஐயா நம் நாட்டார் பாடல்களைத் தொகுத்ததைச் சொன்னார். உதாரணத்துக்கு இரண்டு வரி வாசித்தார். தேயிலைக்கு முந்திய கோப்பிக்காலத்து மலையில் அண்ணனைப் பறிகொடுத்த தங்கச்சியின் பாட்டு. பாடாமல், அறிவித்தல் வாசிக்கிற மாதிரி வாசித்துவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாயியின் கை முழங்காலில் கொழுந்து கிள்ளுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரியை மெல்ல இழுத்து எடுத்துவிட்டார். முன்னால் இருந்த இரண்டு பிள்ளைகள் ஆசையாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற ஏற்பாட்டாளர் ஒருவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அப்பாயி சட்டென்று நிறுத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் முடியும்வரை அந்த முந்தானையை எடுக்கவே இல்லை.

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பாட்டுகளை ஐயா எங்கிருந்து எடுத்தார்? தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், கொழுந்து மலையில், சாவு வீட்டில், இந்த மாதிரி வாய்களிலிருந்துதானே? தாலாட்டும் ஒப்பாரியும் தாயிடமிருந்து மகளுக்கு வந்தவை. நம் மண்ணில் கவிதை முதலில் காதுக்குத்தான் வந்தது. மலையகத்துத் தொழிற்சங்கப் போராளி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தன் பாட்டைத் தானே பாடினார். சனம் அதைக் கேட்டுத்தான் கூடியது. தேயிலைக்கு அடியில் புதைந்துபோன தன் மக்களுக்காக இரங்கிச் சொல்ல ஒரு வார்த்தை இல்லையே என்று அழுதவர் சி.வி. அவருடைய இரங்கல் கூட்டத்திலேயே அந்த மக்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

மண்டபக் கூலி, ஒலிபெருக்கி, தேத்தண்ணி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும், கொடுத்தவரைக் கௌரவிக்க வேண்டும். எனக்கும் தெரியும். பாடசாலையில் நானும் விழா நடத்துகிறவள்தான். ஆறு வாழ்த்துரையை இரண்டாகக் குறைத்தால் யாருக்கும் மரியாதை குறையாது. மிச்ச நேரத்துக்கு ஒலிவாங்கியை மேடையிலிருந்து இறக்கி வரிசை வரிசையாகக் கொண்டு போங்கள். ஒரு கவிதையை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். கேள்வியோடு வந்த பிள்ளைக்கு இரண்டு நிமிசம் கொடுங்கள். முடிந்தால் அடுத்த வருஷம் டவுனில் வைக்காமல் ஒரு தோட்டத்துக் கோயில் வாசலில் வையுங்கள். காமன் கூத்துக்கு இரவிரவாக விழித்திருக்கிற சனம் கவிதைக்கும் இருக்கும்.

திரும்பி வரும்போது அந்தத் தம்பியும் எங்கள் பஸ்தான். கொட்டகலை தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. அவர் பின் சீட்டிலிருந்து எட்டி, "பாட்டி, அந்தப் பாட்ட முழுசா பாடுங்களேன்" என்றார். அப்பாயி என் முகத்தைப் பார்த்தார். பாடுங்கள் என்றேன். கொண்டக்டர் தானாகவே ரேடியோவைக் குறைத்தார். நான் ஃபோனில் பதிவு செய்தேன். தம்பி சி.ஆர். கொப்பியை விரித்து, பஸ் ஆட ஆட எழுதினார்.

எழுதி முடித்த பிறகு, தன் கேள்வியை என்னிடம் கேட்டார். "டீச்சர், ஐயா ஏன் 'தேயிலைத் தோட்டத்திலே'யைத் தமிழில் எழுதாமல் இங்கிலீசில் எழுதினார்?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேடையில் இருந்தவர்களில் இரண்டு மூன்று பேராவது என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள்.

பாட்டு நாலு நிமிசம் வந்தது. நடுவில் ஓர் இடத்தில் அப்பாயி நின்றுவிட்டார். "இதுக்கும் அடுத்ததுக்கும் ஊடால ஒரு அடி இருக்கு. வர மாட்டேங்குது. பூண்டுலோயாவுல எங்கக்காவுக்குத் தெரியும்" என்றார். தம்பி அந்த இடத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறார். பெரிய அப்பாயிக்கு 81 வயது. வருகிற ஞாயிறு போகிறோம், கொப்பியோடு அவரும் வருகிறார்.