ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி: என் கணிப்பு வேறு

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் அரையிறுதியைப் பற்றி எழுதிய கட்டுரையாளர், ஆலைப் பக்கத்து அணிதான் கோயில் லயத்து அணியை வென்று இறுதியாட்டத்துக்குப் போகும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். சிக்ஸர் தூக்க நாலு பேர் இருப்பது அவர் சொல்லும் காரணம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயில் லயத்து (தோட்ட வீட்டு வரிசை) பையன்கள்தான் ஜெயிப்பார்கள்.

நம்ம பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் மேகம் கறுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? மழை விட்டதும் சிமெண்டுத் தளத்தில் விரித்த பாய் ஈரமாகிவிடும். டென்னிஸ் பந்தும் தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும். அப்போது தூக்கி அடித்தால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டாது, நேரே கையில் விழும். போன வாரம் செம்பனை மரப் பக்கம் கைநழுவிப்போன கேட்சுகள் எல்லாம் அந்த ரகம்தான். பிடித்திருந்தால் ஆட்டமே வேறு.

பத்து ஓவர் ஆட்டத்தில் ஸ்டம்பைப் பார்த்து வீசுகிறவன்தான் ராஜா. 2023இல் கிள்ளான் பாயுமாஸ் ஓவலில் சீனாவுக்கு எதிராக நம்ம மலேசிய அணிப் பந்துவீச்சாளர் சியாஸ்ருல் இட்ருஸ் 8 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தாரே, ஏழுமே போல்டு! லயத்து இடது கைப் பையனும் காலடியில்தான் குத்துகிறான், அகலமாகப் போடுவதே இல்லை.

"ஆலைச் சங்கு ஊதுமுன்னே ஆட்டம் முடிந்துவிடும்" என்று ஒரு தம்பி சவால் விட்டிருக்கிறார். சரி தம்பி, உங்கள் ஆலை அணியின் தொடக்க ஜோடி போய்விட்டால் அப்புறம் யார் நிற்பார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

லயத்து அணி 75 எடுத்தால் போதும், 12 ரன்னில் ஜெயிக்கும். டாஸ் கிடைத்தால் மட்டும் தயவுசெய்து முதலில் மட்டை பிடியுங்கள், பையன்களா.